பழைய லேண்ட் ரோவர் வாங்கலாம், ஆனால் எதை?

பழைய லேண்ட் ரோவர் வாங்கும் ஆசை பெரும்பாலும் ஒரு படத்தில்தான் தொடங்குகிறது. பச்சை வண்டி, பானெட் மேல் உதிரிச் சக்கரம், பின்னால் தார்ப்பாய், சக்கரமெல்லாம் சேறு. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வது பெரிய கஷ்டமில்லை. விற்பனைக்கு வண்டிகள் நிறையவே வருகின்றன. எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். 1965இல் செய்த வண்டியும் 1995இல் செய்த வண்டியும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

என்னைக் கேட்டால், நான்கு வண்டிகளுக்குள் முடிவெடுக்கலாம் என்பேன்: பட்டை ஸ்பிரிங் வைத்த சீரிஸ் வண்டிகள், சுருள் ஸ்பிரிங் வைத்த டிஃபெண்டர், முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர், முதல் தலைமுறை டிஸ்கவரி. நான்கும் பர்மிங்ஹாம் பக்கத்தில் உள்ள சோலிஹல் தொழிற்சாலையில் பிறந்தவை. குதிரைத்திறன், நிறம், சீட்டு இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொன்றும் எந்த நெருக்கடியில், எதை மிச்சம் பிடித்துச் செய்யப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால், இன்று அந்த வண்டி எங்கே துருப்பிடிக்கும், எதில் செலவு வைக்கும், யாருக்கு ஒத்துவரும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் இரும்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ரோவர், வசதியானவர்களுக்குக் கார் செய்யும் கம்பெனி. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் இரும்புத் தகடு ரேஷனில் இருந்தது. ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி கொண்டுவரும் கம்பெனிகளுக்கே அரசு இரும்பை ஒதுக்கியது. ரோவர் கார்களுக்கு வெளிநாட்டில் பெரிய கிராக்கி கிடையாது. கம்பெனியின் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் தமக்கிருந்த பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது ஓய்ந்துபோனால் அதற்குப் பதிலாக வாங்க பிரிட்டனில் ஒரு வண்டியும் இல்லை. 1947இல் ஆங்கிள்சியின் ரெட் வார்ஃப் கடற்கரை மணலில், கம்பெனியின் நிர்வாக இயக்குநரான அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸுக்கு அவர் கோடு போட்டுக் காட்டிய யோசனைதான் லேண்ட் ரோவர் ஆனது. முதல் மாதிரி வண்டியை ஜீப்பின் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டினார்கள். ஸ்டீயரிங்கை டிராக்டரில் இருப்பதுபோல நடுவில் வைத்தார்கள். ஸ்டீயரிங்கைப் பக்கத்துக்கு மாற்றி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டியைக் காட்டினார்கள். விலை 450 பவுண்டு.

கார் வியாபாரம் மீண்டும் சூடுபிடிக்கும் வரைக்கும் தொழிற்சாலை சும்மா இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் விலை உயர்ந்த அச்சுகள் செய்யப் பணம் ஒதுக்கவில்லை. உடம்பை 'பர்மாபிரைட்' என்ற அலுமினியக் கலவைத் தகட்டில், கையால் வளைக்கக்கூடிய நேர்கோடுகளாகவே வைத்தார்கள். சேஸிஸுக்கு, தட்டையான இரும்புப் பட்டைகளை வெட்டி நான்கு ஓரமும் வெல்டிங் செய்து நீளமான பெட்டிகளாக்கினார்கள். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். அந்த அமைப்பு மாறுதல்களோடு 2016 வரை தொடர்ந்ததால், இன்று வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

வெளியே தெரிவது அலுமினியம், அது துருப்பிடிக்காது. வண்டியைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்பு. மழைத் தண்ணீரும் சேறும், குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் தூவும் உப்பும் அந்தப் பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து தங்கி, உள்ளேயிருந்து அரிக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே கீழே சேஸிஸ் காகிதமாகியிருக்கலாம். எனவே வண்டி பார்க்கப் போகும்போது பழைய துணி உடுத்திக்கொண்டு, ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர் மூன்றையும் எடுத்துப் போங்கள். விற்பவரிடம் கேட்டுவிட்டுத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் மொத்தென்று ஒலிக்கும், சில இடங்களில் உள்ளே துருச்செதில்கள் சரசரவென்று உதிரும். முதலில் பின்பக்கக் குறுக்குச்சட்டத்தைப் பாருங்கள். பின் சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அடுத்து, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உடம்பைத் தாங்கும் கைகள். அப்புறம் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள்.

சேஸிஸ் சரியாக இருந்தாலும் பல்க்ஹெட்டை மறக்காதீர்கள். எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் நிற்கும் இரும்புச் சுவர் அது. கால் வைக்கும் இடத்தில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அடியில் விரலால் அழுத்துங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, கதவுக் கீல் வரும் மேல் மூலைகளில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் வேலை பெரிது என்று பொருள். பல்க்ஹெட் மாற்றுவதென்றால் கதவு, முன்கண்ணாடி, ஸ்டீயரிங், வயரிங், பெடல் எல்லாம் கழன்றாக வேண்டும். பட்டறைக் கூலி எகிறிவிடும். கதவின் கீழ் ஓரத்தில் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டு அலுமினியம் கரைகிறது என்று அர்த்தம். அது அழகைக் கெடுக்கும், ஆனால் வண்டியை வேண்டாம் என்று சொல்ல அதை ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்பு மெழுகு பூசி மினுமினுவென்று நிற்கும் வண்டியைச் சந்தேகப்படுங்கள். அப்படி ஒரு நைன்ட்டியை (டிஃபெண்டர் என்ற பெயர் வருவதற்கு முந்தைய குட்டை வண்டி) நான் பார்க்கப் போயிருந்தேன். பூச்சைக் கொஞ்சம் சுரண்டியதும் ஒரு ஒட்டு, அதன்மேல் இன்னொரு ஒட்டு. விற்றவர் பேச்சை மாற்றிவிட்டார். அதற்கு மாறாக, துத்தநாகம் பூசிய புதுச் சேஸிஸ் போட்ட வண்டி கிடைத்தால் விலை கூடுதலாக இருந்தாலும் யோசிக்காதீர்கள். இந்தப் பழைய வண்டிகளுக்குப் புதுச் சேஸிஸ் இன்றும் செய்து விற்கிறார்கள் என்பதே பெரிய கொடுப்பினை. ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சீரிஸ் வண்டிகள்: 1948 முதல் 1985 வரை

முதல் சீரிஸ், அதாவது 1948 முதல் 1958 வரை வந்தவை, இப்போது சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டன. ஆரம்ப வண்டிகளில் 80 அங்குலச் சக்கர இடைவெளி, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1955இல் இரண்டு முதல் சீரிஸ் வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பி 1956இல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒரு வண்டி 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியும் வந்தது. உறுதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும், ஓட்டிப் பழக முதல் வண்டியாக அதை நான் சொல்ல மாட்டேன். விலை அதிகம், சில உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்காது, கீறல் விழுந்தாலே மனசு துடிக்கும்.

ஓட்ட வேண்டும் என்றால் 1958இல் வந்த இரண்டாம் சீரிஸ், 1961இல் வந்த 2ஏ, 1971இல் வந்த மூன்றாம் சீரிஸ் ஆகிய மூன்றுக்குள் பாருங்கள். இன்று எல்லார் மனசிலும் இருக்கும் லேண்ட் ரோவர் முகமும், இடுப்புப் பகுதியில் லேசாகப் புடைத்த பக்கங்களும் இரண்டாம் சீரிஸில் ரோவரின் வடிவமைப்பாளர் டேவிட் பாஷ் கொடுத்தவை. 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் அப்போதுதான் வந்தது. அந்த எஞ்சின் எளிமையானது, பொறுமையானது, திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் கைக்கு எட்டும். டீசலும் உண்டு, அதன் சத்தத்தையும் மந்தத்தையும் வயலில் பொறுத்துக்கொள்ளலாம், சாலையில் கஷ்டம்.

2ஏ பார்க்க அழகு. பழைய வண்டிகளில் இரண்டு முன்விளக்குகளும் நடுவில், கிரில்லுக்குள் நெருங்கி நிற்கும். 1960களின் கடைசியில் அவை பக்கத்து மட்கார்டுக்கு நகர்ந்துவிட்டன. அந்த நெருங்கிய கண்களுக்காகவே 2ஏ-க்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் சீரிஸில் பிளாஸ்டிக் கிரில், பிளாஸ்டிக் டாஷ்போர்டு. அதனால் விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் கியர் பாக்ஸில் நான்கு முன்னோக்கிய கியர்களுக்கும், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் வந்தது இதில்தான். முந்தைய வண்டிகளில் முதல் இரண்டு கியருக்கு இறங்கும்போது கிளட்சை இரண்டு முறை மிதித்துப் பழக வேண்டும். 1980க்குப் பிறகு வந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டை மூன்றுக்குப் பதில் ஐந்து பேரிங் தாங்குகின்றன. விற்பனை விளம்பரத்தில் யாரும் இதைப் பெரிதாகப் போடுவதில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. 88 அங்குல மூன்றாம் சீரிஸ், பெட்ரோல், 1980க்குப் பிந்தையது: சீரிஸ் வண்டிகளுக்குள் என் தேர்வு இது.

ஓட்டினால் எப்படி இருக்கும்? ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாது. நடுவில் ஒரு தளர்வு இருக்கும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எனவே முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டாக வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வரை பேச்சு கேட்கும், 95ஐ நெருங்கினால் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். லிட்டருக்கு 6 கி.மீ. கிடைத்தால் சந்தோஷப்படலாம். சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். சேறு வந்ததும் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். வண்டியை நிறுத்திவிட்டு சிவப்புக் குமிழ் கம்பியைப் பின்னால் இழுத்தால், மெதுவாக ஆனால் எதையும் ஏறும் தாழ் கியர். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு மடிப்புத் தகடுகளைத் திறந்தால் காற்று நேராக முகத்தில் வந்து அடிக்கும். ஏ.சி. அவ்வளவுதான்.

பராமரிப்பு உங்கள் கையில்தான் நடக்கும் என்றால் இதைவிட நல்ல வண்டி கிடையாது. மேற்கு வங்கத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ ஏறும் கரடுமுரடான மலைப்பாதையில், முதல் சீரிஸ் வண்டிகளை உள்ளூர் ஓட்டுநர்கள் பல தலைமுறையாகப் பயணி வண்டியாக ஓட்டினார்கள். மலேசியாவில் கேமரன் மலைக்குப் போயிருப்பவர்கள், காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதைகளில் உறுமிக்கொண்டு போகும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பார்கள். பெரிய கம்பெனி சர்வீஸ் நிலையத்தை நம்பி அவை ஓடவில்லை. ஒரு கிராமத்து மெக்கானிக்கும் ஒரு ஸ்பானர் பெட்டியும் போதுமாக இருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் ஆயில் ஒழுகும். அது எங்கிருந்து என்பதுதான் கேள்வி. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குரோம் பூசிய உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். அதில் குழிகள் விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுக்கு நிற்காது. 88 அங்குல வண்டியில் பின் ஆக்ஸிலின் உள் ஷாஃப்ட், முரட்டுத்தனமாகக் கிளட்சை விட்டால் முறியும். பெட்ரோல் விஷயத்தில், 2021இல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் 10 சதவீத எத்தனால் கலவைக்கு மாறியது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. 5 சதவீதக் கலவை உள்ள உயர்ரகப் பெட்ரோலையே போடுங்கள்.

அப்புறம் சட்டம். 40 ஆண்டு கடந்த வண்டிகளைப் 'பழமை வாகனம்' என்று பதிவு செய்துகொண்டால் சாலை வரி கிடையாது. பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் எம்.ஓ.டி. எனும் வருடாந்தரச் சாலைத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்றாலும் நான் வருடம் ஒருமுறை செய்துகொள்ளச் சொல்வேன். லண்டனில் அதிகப் புகை விடும் வண்டிகளுக்கான தினசரிக் கட்டணமும் இந்த வகை வண்டிகளுக்கு இல்லை. 2023 ஆகஸ்ட்டில் அந்தக் கட்டணப் பகுதி லண்டன் முழுக்க விரிந்தது. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களெல்லாம் அதற்குள் வருகின்றன. விதிக்கு உட்படாத வண்டியை வாசலிலிருந்து எடுத்தாலே அன்றைக்கு 12.50 பவுண்டு. லண்டனில் இருப்பவருக்கு இந்த ஒரு விதியே முடிவைத் தீர்மானித்துவிடும்.

ரேஞ்ச் ரோவர்: ஆசைக்கு மட்டும்

1970 ஜூனில் வந்த ரேஞ்ச் ரோவர், லேண்ட் ரோவரின் திறமையும் காரின் சுகமும் ஒரே வண்டியில் வேண்டும் என்று ரோவர் பொறியாளர்கள் ஸ்பென் கிங், கார்டன் பாஷ்ஃபோர்டு இருவரும் வடிவமைத்தது. சுருள் ஸ்பிரிங், நான்கு டிஸ்க் பிரேக், எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு, அமெரிக்க ப்யூக் கம்பெனியிடமிருந்து உரிமை வாங்கிய 3.5 லிட்டர் அலுமினிய வி8 எஞ்சின். அன்றைக்கு இத்தனையும் ஒரு காட்டு வண்டியில் இருந்தது அதிசயம். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் முதல் வண்டிகளின் உள்ளே கம்பளம் கிடையாது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்படி வினைல் சீட்டும் ரப்பர் தரையும்தான். பண்ணைக்காரருக்கு நினைத்துச் செய்ததைப் பணக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1971-72இல் பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களோடு அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் முனை வரை போனது. நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் காட்டைக் கடக்கவே மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. சதுப்புக்காக மாட்டிய பெரிய டயர்களின் பளுவால் பின் ஆக்ஸிலில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்கள் உடைந்தன. அப்போது முன்னால் போய்ப் பாதை பார்த்தது, பனாமாவில் வாங்கிய ஒரு பழைய 2ஏ லேண்ட் ரோவர். இரண்டு வண்டிகளின் குணமும் எனக்கு இந்தக் கதையில் தெளிவாகத் தெரிகிறது. ரேஞ்ச் ரோவர் மோசமான வண்டி என்பதற்காகச் சொல்லவில்லை. அதில் உடைவதற்கு அதிகமான பாகங்கள் இருக்கின்றன, உடைந்தால் சாதாரணப் பட்டறையில் தீராது.

இன்று வாங்குபவருக்கு இதன் பெரிய சங்கடம், அலுமினியத் தோலுக்குள் இருக்கும் இரும்புக் கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, டிக்கித் தரை, முன் மட்கார்டின் உட்பக்கம், பின்பக்கக் கீழ்க்கதவு எல்லாம் அரிக்கும். சேஸிஸ் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் கூடு போய்விடும். எஞ்சினில் கேம் ஷாஃப்ட் தேயும். லிட்டருக்கு 5 கி.மீ. கிடைத்தால் அதிகம். இரண்டு கதவு வைத்த ஆரம்ப வண்டிகள் சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டன. 1981க்குப் பின் வந்த நான்கு கதவு வண்டிகளை எட்டிப்பிடிக்கலாம். நல்ல ஒன்றில் உட்கார்ந்து, உயரமான சீட்டில், மெல்லிய தூண்களுக்கு நடுவே நாலாபுறமும் பார்த்துக்கொண்டு ஓட்டுவது ஒரு தனிச் சுகம். அதற்கான பணமும் அதைவிட முக்கியமாக மூடிய கொட்டகையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

நைன்ட்டி, ஒன் டென், டிஃபெண்டர்

ரேஞ்ச் ரோவருக்கு 1970இல் கிடைத்த சுருள் ஸ்பிரிங், சாதாரண லேண்ட் ரோவருக்கு வந்துசேர 1983 ஆனது. நடுவில் கம்பெனி பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரும் குழுமத்துக்குள் இருந்தது. லேண்ட் ரோவர் ஈட்டிய பணம், நஷ்டத்தில் ஓடிய மற்ற கார்ப் பிரிவுகளைத் தாங்கவே போனது. 1976இல் பத்து லட்சமாவது லேண்ட் ரோவர் வெளிவந்தது என்னவோ உண்மை. அதே ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் டொயோட்டா லேண்ட் க்ரூஸர் புகுந்து வாடிக்கையாளர்களைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் கம்பெனியின் வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான். கையில் தீர்வு இருந்தும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அதைப் பயன்படுத்தவில்லை.

1983இல் நீளமான ஒன் டென், 1984இல் குட்டையான நைன்ட்டி. சுருள் ஸ்பிரிங், முன்பக்கம் டிஸ்க் பிரேக், எப்போதும் நான்கு சக்கர இழுவை. 1990இல், முந்தைய ஆண்டே வந்துவிட்ட டிஸ்கவரியோடு குழம்பாமலிருக்க 'டிஃபெண்டர்' என்ற பெயரும், கூடவே 200டிடிஐ என்ற நல்ல டர்போ டீசல் எஞ்சினும் வந்தன. இங்கே உங்கள் முடிவு முழுக்க எஞ்சினைப் பொறுத்தது.

1990க்கு முந்தைய பழைய டர்போ டீசலை எஞ்சின் மாற்றாத நிலையில் நான் தொட மாட்டேன். 200டிடிஐயும் 1994இல் வந்த 300டிடிஐயும் 2.5 லிட்டர், சுமார் 110 குதிரைத்திறன், எலெக்ட்ரானிக்ஸ் கிட்டத்தட்ட இல்லை. லிட்டருக்கு 9, 10 கி.மீ. தரும். 300டிடிஐயில் டைமிங் பெல்ட் சரியாக ஓடாமல் தேயும் குறை ஆரம்பத்தில் இருந்தது. திருத்திய பாகங்கள் போட்டிருக்கிறதா, பெல்ட் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்கியதும் முதல் வேலை அதுதான். 1998இல் வந்த டிடி5 ஐந்து சிலிண்டர், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. பலமான எஞ்சின், நெடுஞ்சாலையில் இதுதான் சுகம். எஞ்சின் ஆயில் இன்ஜெக்டர் வயர் வழியே ஊர்ந்துபோய்க் கம்ப்யூட்டர் இணைப்பில் சேரும் என்பது இதன் பிரபலமான நோய். டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் சிவப்புப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2007க்குப் பிறகு ஃபோர்டு டிரான்சிட் வேன் எஞ்சின், ஆறு கியர். அந்த ஆண்டோடு முன்கண்ணாடிக்குக் கீழிருந்த காற்றுத் தகடுகளையும் எடுத்துவிட்டார்கள்.

இடையில் முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: 1988இல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994இல் பி.எம்.டபிள்யூ., 2000இல் ஃபோர்டு, 2008இல் டாடா. அடிப்படை வண்டி மட்டும் மாறவில்லை. 2016 ஜனவரி 29 அன்று கடைசி டிஃபெண்டர் சோலிஹல்லை விட்டு வெளியே வந்தது. 1948 முதல் மொத்தம் 20 லட்சத்துக்கு மேல்.

நிறுத்தியதும் விலை ஏறத் தொடங்கியது. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வண்டியை இறக்குமதி செய்ய விதி இடம்கொடுப்பதால் நல்ல வண்டிகள் கடல் கடந்து போகின்றன. திருடர்களுக்கும் டிஃபெண்டர்மேல் ஒரு கண். வண்டியை முழுதாகக் கொண்டுபோக முடியாவிட்டால் கதவையும் பானெட்டையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டிராக்கர் இருக்கிறதா என்று கேட்பார்கள். இத்தனை விலை கொடுத்த பிறகும், ஓட்டும்போது வலது முழங்கை கதவில் இடிக்கும், மழைக்குக் கூரை ஓரத்தில் சொட்டும், ஹீட்டர் பேருக்குத்தான் வேலை செய்யும். டிஃபெண்டர் நல்ல வண்டி. இன்றைய விலைக்குத் தகுந்த வண்டியா என்றால், தினமும் டிரெய்லர் இழுப்பவருக்கும் பண்ணையில் வேலை உள்ளவருக்கும் ஆம். வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு இல்லை. அதே ரசனையைப் பாதி விலைக்கும் கீழே சீரிஸ் வண்டி தரும்.

டிஸ்கவரி

ஜப்பானிய மிட்சுபிஷி, இசுசு வண்டிகள் குடும்பங்களை இழுத்துக்கொண்டிருந்தபோது, 1989இல் அவசரமாகச் செய்த பதில்தான் டிஸ்கவரி. ரேஞ்ச் ரோவரின் அதே 100 அங்குலச் சேஸிஸ், அதே சுருள் ஸ்பிரிங், 200டிடிஐ எஞ்சின். உள் அலங்காரம் கான்ரன் டிசைன் குழு செய்தது. செலவைக் குறைக்கப் பின்விளக்குகளை மேஸ்ட்ரோ வேனிலிருந்து எடுத்தார்கள். கேமல் டிராஃபி எனும் காட்டுப்பாதைப் பந்தயங்களில் மணல் நிறப் பெயின்ட்டோடு ஆறுகளைக் கடந்தது பலருக்கு நினைவிருக்கும்.

கரடுமுரடான பாதையில் டிஃபெண்டருக்குப் பெரிதாகக் குறையாதது, குடும்பத்தோடு உட்கார டிஃபெண்டரைவிடப் பல மடங்கு வசதியானது, விலையும் குறைவு. இதன் விலை குறைவாக இருந்ததே இதற்கு வினையானது. பழைய நைன்ட்டிகளுக்கு நல்ல எஞ்சின் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான டிஸ்கவரிகளைப் பிரித்துப்போட்டார்கள். மிச்சத்தைத் துரு தின்றது: கதவுக்குக் கீழ்ப்பட்டை, டிக்கித் தரை, முன் மட்கார்டின் உட்பக்கம். ரேஞ்ச் ரோவர் நோய் அத்தனையும் இதற்கும் உண்டு, ஆனால் அதை வெல்டிங் செய்து காப்பாற்றச் செலவழிக்க யாரும் முன்வரவில்லை. அதனால் துருவில்லாத 300டிடிஐ டிஸ்கவரி இன்று கண்ணில் படுவதே அபூர்வம். பட்டால் விடாதீர்கள். லண்டனுக்கு வெளியே இருந்து, ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளவும் வேண்டும், பிள்ளைகளையும் ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இந்த நான்கில் இல்லை. லண்டனுக்குள் என்றால் 40 ஆண்டு ஆகும் வரை தினசரிக் கட்டணம் துரத்தும்.

ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் செய்யும் புதிய டிஃபெண்டரை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. தனிச் சேஸிஸ் இல்லாத, கம்ப்யூட்டர் நிறைந்த, நன்றாகவே ஓடும் நவீன வண்டி அது. பழைய டிஃபெண்டரின் குணத்தில் புது வண்டி வேண்டுமென்றால், பிரான்ஸில் செய்யும் இனியோஸ் கிரெனேடியரைப் போய்ப் பாருங்கள். ஏணிச் சேஸிஸும் பி.எம்.டபிள்யூ. எஞ்சினும் உண்டு. பழைய வண்டிக்கான ஆசையை இரண்டுமே தீர்க்காது.

யாருக்கு எது

வேறு கார் ஏற்கெனவே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து கையை அழுக்காக்கிக்கொள்ளப் பிடிக்கும், லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ இருக்கிறீர்கள் என்றால் 88 அங்குல மூன்றாம் சீரிஸ் பெட்ரோல். என் ஓட்டு இதற்குத்தான், கொஞ்சமும் தயக்கமில்லை. நான்கில் இதைத்தான் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியும். ஒரு வருடம் வைத்திருந்தால் ஒவ்வொரு நட்டும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே வண்டிதான், கிராமப்புறம், குடும்பம் என்றால் துருவில்லாத டிஸ்கவரி 300டிடிஐ. வேலைக்கு வேண்டும், இழுக்க வேண்டும், விலையைப் பற்றிக் கவலையில்லை என்றால் 300டிடிஐ ஒன் டென். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமென்றால் டிடி5. மெக்கானிக் வேலை துளியும் பிடிக்காதவர்கள் இந்த நான்கையும் விட்டுவிடலாம்.

வண்டி பார்க்கப் போகும் நாளை நீங்களே தேர்ந்தெடுங்கள். மழை நாளாக இருந்தால் நல்லது. கூரை, கதவு, கால் வைக்கும் இடம் எல்லாம் எங்கே ஒழுகுகிறது என்று தானே காட்டிக்கொடுக்கும். 'நான் வரும்வரை எஞ்சினைப் போடாதீர்கள்' என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதை அவர் உங்களிடம் காட்ட விரும்பவில்லை. அதன் பிறகு பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை, முன் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். சாலை வரி விலக்குக்காகப் பழைய சீரிஸ் வண்டியின் எண்ணைப் பிந்தைய வண்டிக்கு மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். புதுச் சேஸிஸ் போட்டது என்றால் அதன் ரசீதும், எண் எப்படி மாற்றப்பட்டது என்பதற்கான காகிதமும் இருக்க வேண்டும். எண் தெரியவில்லை, காகிதமும் இல்லை என்றால் பணத்தை எடுக்காமலே திரும்பி வந்துவிடுங்கள்.